தொழில் பழகும் பிள்ளைக்காக ஒரு குருவின் கையெழுத்து



தொன் போஸ்கோ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பெரிய பள்ளிக்கூடங்கள், கால்பந்துத் திடல், கயிற்றின்மேல் நடந்து வித்தை காட்டிய சிறுவன், ஒன்பது வயதில் அவர் கண்ட கனவு. ஜனவரி 31-ஆம் நாள் அவருடைய திருவிழாவில் மறையுரையாற்றும் எங்களைப் போன்றவர்களும் பெரும்பாலும் இவற்றைத்தான் சொல்கிறோம். அவர் வாழ்வில் ஒரு முத்திரைத்தாளும் உண்டு. 1852-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், இத்தாலியின் தூரின் நகரில் எழுதப்பட்ட ஒப்பந்தம் அது. ஒரு பக்கம் தச்சுப் பட்டறை முதலாளி, மறுபக்கம் வேலை கற்க வந்த ஒரு பையனும் அவன் தந்தையும். அவர்களோடு ஒரு கத்தோலிக்கக் குருவும் கையெழுத்திட்டிருக்கிறார். பட்டறை ஒப்பந்தத்தில் ஒரு குருவுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். அதற்குப் பதில் அவருடைய இளமையிலேயே இருக்கிறது.

ஜான் போஸ்கோ 1815 ஆகஸ்ட் 16 அன்று பீட்மாண்ட் பகுதியில் பெக்கி என்ற சிற்றூரில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள் தந்தை பிரான்செஸ்கோ இறந்துபோனார். தாய் மார்கரீத்தா மூன்று ஆண் பிள்ளைகளையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு நிலத்தில் உழைத்தார். பிள்ளைகளில் மூத்தவர் அந்தோனியோ, தந்தையின் முதல் தாரத்துப் பிள்ளை. தான் மண்வெட்டி பிடிக்கும்போது தம்பி மட்டும் புத்தகம் பிடிப்பதா என்று அவருக்குக் கோபம். வீட்டில் சண்டை முற்றியது. 1828 பிப்ரவரியில், பன்னிரண்டு வயதுப் பையனைக் கையில் ஒரு துணி மூட்டையோடு வேலை தேடி அனுப்பிவிட வேண்டிய நிலைமை அந்தத் தாய்க்கு வந்தது.

அவன் போய் நின்றது மொலியா என்ற குடும்பத்தாரின் பண்ணையில். பனிக்காலத்தில் யாரும் பண்ணைக்கு ஆள் எடுப்பதில்லை. வேலை இல்லை, திரும்பிப் போ என்றார்கள். பையன் அழுதான். சம்பளமே வேண்டாம், இங்கே இருக்க மட்டும் இடம் கொடுங்கள் என்று கெஞ்சினான். வீட்டுப் பெண்கள் மனமிரங்கிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கே மாடு மேய்த்தான்.

இந்த இடத்தை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சம்பளமில்லாமல் வேலை செய்யத் தயார் என்று ஒரு பிள்ளை சொல்வது ஆர்வத்தினால் அல்ல. போக வேறு இடம் இல்லாததால்தான். இன்றும் நம் பங்குகளில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளிடம், முதலில் ஆறு மாதம் சும்மா வந்து பழகு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை அந்த ஆறு மாதத்தைத் தாங்கிக்கொள்ளும். பேருந்துக் கட்டணத்துக்கே வழியில்லாத பிள்ளை இரண்டாவது வாரமே நின்றுவிடும். பிறகு, வேலை கொடுத்தோம், அவன்தான் வரவில்லை என்று பேச்சு வரும்.

ஜான் பிறகு படித்தார். ஆனால் படிப்பதற்காகவே வேலை செய்ய வேண்டியிருந்தது. காஸ்தெல்நுவோவில் ஜியோவான்னி ரோபர்த்தோ என்ற தையற்காரர் வீட்டில் தங்கியபோது தையல் கற்றார். அவ்வூர்க் கொல்லர் ஒருவரிடம் சம்மட்டி பிடிக்கப் பழகினார். கியேரி நகரில் பியாந்தா என்பவரின் காபிக்கடையில் தங்கியபோது காபி, சாக்லேட், இனிப்பு வகைகள் தயாரிக்கக் கற்றுக்கொண்டார். தையற்காரரும் சரி, காபிக்கடைக்காரரும் சரி, படிப்பை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடு, நல்ல சம்பளம் தருகிறோம் என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். கைத்தொழிலில் அவ்வளவு தேர்ச்சி. குருமடத்தில் படித்த மறையியலோடு இந்தப் பட்டறைப் படிப்பும் அவரிடம் சேர்ந்தே இருந்தது. குருமட ஆசிரியர்கள் இதற்கு மதிப்பெண் போட்டிருக்க மாட்டார்கள்!

1841 ஜூன் 5 அன்று குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டு தூரின் நகருக்கு மேற்படிப்புக்கு வந்தபோது, அருட்தந்தை கஃபாசோ அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே வளர்ந்தும் வளராத பையன்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். விடுதலையாகி வெளியே போனவர்கள் சில நாட்களில் மறுபடியும் உள்ளே வந்தார்கள். வெளியே அவர்களுக்கென்று ஒருவரும் இல்லை என்பதே அதற்குக் காரணம் என்று அவர் கண்டுகொண்டார்.

தூரின் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் கட்டட வேலை. மலைப்பகுதிகளிலிருந்தும் அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கல் சுமந்து, சாந்துச் சட்டி தூக்கி, சாரத்தில் ஏறி இறங்கினார்கள். சிலர் புகைபோக்கி துடைத்தார்கள். வேலை கிடைக்காதவர்கள் யாராவது கூப்பிடுவார்களா என்று சந்தைவெளிகளில் நின்றார்கள். திராட்சைத் தோட்ட உவமையில், தங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று மாலைவரை நின்றவர்களை நாம் அறிவோம். அதே காட்சிதான், வயதுதான் குறைவு.

1841 டிசம்பர் 8 அன்று அசிசி பிரான்சிஸ் ஆலயத்தின் திருப்பொருள் அறையில், உபதேசியாரிடம் அடிவாங்கி ஓடிய பார்த்தலோமேயோ கரெல்லியின் கதை எல்லாருக்கும் தெரியும். ஓர் அருள்நிறை மந்திரத்தோடு அந்த மறைக்கல்வி தொடங்கியதைச் சொல்கிறோம். அந்தப் பதினாறு வயது அனாதைப் பையன் ஒரு கொத்துவேலைக்காரன் என்பதைத்தான் சொல்ல மறந்துவிடுகிறோம். தொன் போஸ்கோவின் முதல் பிள்ளைகளில் பலர் பள்ளி மாணவர்கள் அல்லர். தொழிலாளிப் பையன்கள். ஞாயிறுதோறும் அவர்கள் கூடி, திருப்பலி கண்டு, மறைக்கல்வி கற்று, ஓடி விளையாடிய கூடத்துக்கு ஆரட்டரி என்று பெயர். அது ஓர் இடத்தில் நிலைக்க ஐந்தாண்டுகள் ஆயின. சத்தம் தாங்காமல் எல்லா இடங்களிலிருந்தும் துரத்தினார்கள். 1846 உயிர்ப்புப் பெருவிழாவன்று வல்தோக்கோ பகுதியில் பினார்தி என்பவரின் கொட்டகை கிடைத்தது.

ஞாயிறு முடிந்தால் திங்கள் வரும். அந்தத் திங்கட்கிழமையில்தான் தொன் போஸ்கோவின் தனித்தன்மை இருக்கிறது. வாரநாட்களில் அவர் பிள்ளைகள் வேலை செய்யும் இடங்களுக்கே போனார். கட்டடம் கட்டும் இடங்களிலும் பட்டறைகளிலும் நுழைந்து, பையனிடம் நலம் விசாரித்தார். முதலாளியிடமும் பேசினார். வேலையில்லாத பையனுக்கு வேலை தேடிக்கொடுத்தார். ஒரு குரு தன்னைத் தேடி வருகிறார் என்பது அந்தப் பையனுக்குப் பெருமை. இவனைக் கேட்க ஆள் இருக்கிறது என்பது முதலாளிக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டும் தேவைப்பட்டன.

ஒருநாள் முகம் மழிக்க ஒரு முடிதிருத்தும் கடைக்குள் போனார். கார்லோ கஸ்தீனி என்ற சிறுவன் அங்கே தொழில் பழகிக்கொண்டிருந்தான். சோப்பு நுரை தடவுவதோடு அவன் வேலை முடிந்தது. கத்தியை முதலாளி எடுக்கப் போனபோது, இந்தப் பையனே மழிக்கட்டும் என்றார் தொன் போஸ்கோ. இன்னும் பழகாதவன், முகத்தைக் கிழித்துவிடுவான் என்று முதலாளி பதறினார். மழித்தால்தானே பழகுவான் என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார். கைநடுங்க அவன் மழித்து முடிக்கும்வரை அசையவில்லை. முன்அனுபவம் உண்டா என்று ஒவ்வோர் அலுவலக வாசலிலும் நம் பிள்ளைகளைக் கேட்கிறார்கள். அந்த முன்அனுபவம் கிடைக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் முதலில் தம் முகத்தைக் கொடுத்தாக வேண்டும். பிறகு கார்லோவின் தாய் இறந்து, முதலாளியும் அவனை வெளியேற்றியபோது, தொன் போஸ்கோ அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவன் புத்தகக் கட்டு வேலை கற்றான்.

வீடு என்று சொன்னேன். 1846 நவம்பரில் மார்கரீத்தா அம்மாள் தம் கிராமத்தை விட்டு மகனோடு வல்தோக்கோவுக்கு வந்துவிட்டார். முதலில் வைக்கோல் பரணில் தங்க இடம் கொடுத்த சில பையன்கள், விடிவதற்குள் போர்வைகளை எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டார்கள். நல்லது செய்யப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பொதுவாக அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தத் தாயும் மகனும் நிறுத்தவில்லை. 1847 மே மாதம், மழை கொட்டிய ஓர் இரவில், நனைந்து நடுங்கிய பதினைந்து வயதுப் பையன் கதவைத் தட்டினான். வல்சேசியா பகுதியிலிருந்து கொத்துவேலை தேடி வந்தவன். கொண்டுவந்த மூன்று லீராவும் வேலை கிடைப்பதற்கு முன்பே செலவாகிவிட்டது. அம்மாள் அடுப்பங்கரையில் செங்கற்களை அடுக்கி, பலகை போட்டுப் படுக்கை செய்தார். அன்றிரவு அவனுக்கு நல்ல புத்தியும் சொல்லி, செபமும் சொல்லிக்கொடுத்தார். அடுத்து தொன் போஸ்கோ செய்தது அவனுக்கு ஒரு வேலை தேடிக்கொடுத்தது. பனிக்காலம் வரும்வரை அவன் பகலில் வேலைக்குப் போய், இரவில் அந்த வீட்டில் உண்டு உறங்கினான்.

வேலைக்குப் போய்வரும் பையன்களுக்கு இரவுப் பள்ளி நடந்தது. எழுத்து, வாசிப்பு, கணக்கு. 1850 முதல் நாட்டில் மீட்டர், கிலோகிராம் அளவுமுறை வரப்போகிறது என்றதும், கைத்தொழிலாளர்கள் தடுமாறுவார்கள் என்று உணர்ந்து, அதை எளிமையாக விளக்கி ஒரு சிறு புத்தகமே எழுதினார். புதிய அளவு தெரியாத தச்சனை எவன் வேலைக்கு வைப்பான்? 1850-இல் அவருடைய இளம் தொழிலாளர்களுக்காகப் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்றும் தொடங்கப்பட்டது. வாரம் ஒரு சிறு காசு சந்தா. நோயுற்ற உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 50 சதம், அதாவது அரை லீரா. தன் தவறு இல்லாமல் வேலை இழந்தவனுக்கும் எட்டு நாள் கழித்து அதே உதவி.

வேலை இடம் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதை அவர் பட்டறைகளுக்குள் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பழைய காலத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கைவினைஞர் குழு இருந்தது. யார் எத்தனை ஆண்டு பழக வேண்டும், முதலாளி என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அதில் விதிகள் இருந்தன. 1844-இல் பீட்மாண்ட் அரசு அக்குழுக்களைக் கலைத்துவிட்டது. அவற்றில் குறைகள் இருந்தது உண்மை. ஆனால் அவை போனபின் பையன் தனியாக நின்றான், முதலாளி தன் விருப்பப்படி நடந்துகொண்டார். தொழில் கற்க வந்தவன் கடை பெருக்கினான், முதலாளி வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தான், அடி வாங்கினான், ஞாயிற்றுக்கிழமையும் உழைத்தான். ஆண்டு இரண்டு கடந்தாலும் தொழில் மட்டும் கைக்கு வரவில்லை.

அதனால்தான் அந்த ஒப்பந்தங்கள். நமக்குக் கிடைத்திருப்பவற்றில் முதலாவது 1851 நவம்பரில் ஒரு கண்ணாடி வேலைக்காரரோடு செய்யப்பட்டது. நான் தொடக்கத்தில் சொன்னது தச்சர் ஜூசப்பே பெர்த்தோலீனோவுக்கும் மொந்தோவி ஊர்ப் பையன் ஜூசப்பே ஒதாசோவுக்கும் இடையே ஆனது. அதற்கு 40 சத முத்திரைத்தாள். காலம் இரண்டு ஆண்டு. முதலாளி தச்சுத் தொழிலை முறையாகக் கற்றுத்தர வேண்டும். பையன் தவறினால் வாயால் மட்டுமே திருத்த வேண்டும், வேறு விதமாகக் கூடாது. அவன் வயதுக்கும் வலுவுக்கும் ஏற்ற வேலையே தர வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது. ஞாயிறும் திருநாள்களும் முழு விடுமுறை. அது போக, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஓய்வு. சம்பளம் முதல் ஆறு மாதம் நாளுக்கு 30 சதம், அடுத்த ஆறு மாதம் 40 சதம், இரண்டாம் ஆண்டு 60 சதம்.

சம்பளம் முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். மொலியா பண்ணை வாசலில் சம்பளமே வேண்டாம் என்று அழுத அதே பையன்தான் இப்போது மேசையில் உட்கார்ந்து இதை எழுதவைக்கிறார். கை பழகப் பழகக் கூலி ஏற வேண்டும் என்பதையும் முதலாளியின் தாராள குணத்துக்கு விட்டுவிடாமல், எண்ணாகவே போட்டுவிட்டார்.

பையனுக்கும் கடமைகள் உண்டு. கீழ்ப்படிய வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், கவனமாக வேலை செய்ய வேண்டும். தொன் போஸ்கோ முதலாளிகளைப் பகைத்துக்கொண்டவர் அல்லர். அவர்களில் பலர் அவருக்கு நண்பர்கள். பையனின் நன்னடத்தைக்குத் தாம் துணை நிற்பதாகவும், அவனைப் பற்றி முதலாளிக்கு ஏதேனும் முறையீடு இருந்தால் தாம் கேட்டுக்கொள்வதாகவும் ஒப்பந்தத்திலேயே உறுதி கொடுத்தார். தந்தை உயிரோடு இருந்து கையெழுத்திட்ட பையனுக்கே இப்படியென்றால், யாருமற்ற பையன்களுக்கு இந்த உறுதி எவ்வளவு பெரிது!

எங்களைப் போன்ற பங்குக் குருக்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவர்கள் அதிகம். பிள்ளை நல்ல பிள்ளை, ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவான் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுப்பது எளிது. அக்கடிதம் போய்ச் சேர்ந்ததோடு எழுதியவரின் வேலை முடிந்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் இடும் கையெழுத்து அப்படியல்ல. இரண்டு ஆண்டுக்கு அது பின்தொடரும். முதலாளி கூப்பிட்டால் போக வேண்டும், பையன் அழுதாலும் போக வேண்டும். நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. பழகவருபவர் வயதுவராதவர் என்றால் அவருக்காகப் பாதுகாவலர் ஒப்பந்தம் செய்ய வேண்டும். ஆகவே தாள் இருக்கிறது. பெற்றோர் இல்லாத, அல்லது இருந்தும் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து வாசித்துச் சொல்ல ஆள் தேவைப்படுகிறது. நம் பங்குகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கிப் பணியாளர்கள், ஃபோர்மன்களாக வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

1853-இல் தொன் போஸ்கோ வல்தோக்கோவிலேயே காலணி, தையல் பட்டறைகளைத் தொடங்கினார். 1854-இல் புத்தகக் கட்டு, 1856-இல் தச்சு, 1862-இல் அச்சகமும் கொல்லுப் பட்டறையும் வந்தன. நகரத்துப் பட்டறைகளில் பிள்ளைகள் கேட்ட கெட்ட பேச்சும், விசுவாசத்தைக் கேலி செய்யும் போக்கும் அவரை வருத்தியதால் எடுத்த முடிவு இது. இதிலிருந்தே பின்னாளில் சலேசியர்களின் தொழிற்பள்ளிகள் உலகெங்கும் எழுந்தன. அவை செய்த நன்மைக்கு அளவில்லை. ஆயினும் ஒரு சாதாரணப் பங்குக்கு அந்த முதல் பத்தாண்டுகளே அதிகம் பொருந்தும் என்பது என் எண்ணம். தொழிற்பள்ளி கட்ட நிலம் வேண்டும், எந்திரம் வேண்டும், பணம் வேண்டும். பட்டறை வாசலுக்குப் போய் விசாரிக்க ஒரு ஜோடிச் செருப்பு போதும்.

மார்கரீத்தா அம்மாள் 1856 நவம்பரில் இறந்தார். 1859 டிசம்பர் 18 அன்று சலேசிய சபை பிறந்தது. அதில் குருக்களோடு, தொழில் தெரிந்த துறவறச் சகோதரர்களுக்கும் அவர் இடமளித்தார். கிறிஸ்தவர்களின் சகாய அன்னைக்கு வல்தோக்கோவில் பேராலயம் எழுப்பியபோது, கட்டட வேலையை ஏற்று நடத்தியவர் கார்லோ புசெத்தி. ஆரட்டரியின் தொடக்க நாட்களில் கட்டட வேலைக்கு வந்த பையன்களில் ஒருவர்தான் அவர். 1868-இல் அந்த ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது.

1870 ஜூன் 24, தொன் போஸ்கோவின் பெயர்கொண்ட திருநாள். வளர்ந்து, சொந்தத் தொழில் செய்து, குடும்பமாகிவிட்ட பழைய மாணவர்கள் சிலர் அவரைப் பார்க்க வந்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் கார்லோ கஸ்தீனி, அன்று நடுங்கிய கையால் அவர் முகத்தை மழித்த அதே சிறுவன். தங்கள் சம்பாத்தியத்தில் வாங்கிய காபிக் கோப்பைகளைக் கொடுத்தார்கள். உலகெங்குமுள்ள தொன் போஸ்கோ பழைய மாணவர் சங்கங்கள் இந்த நாளையே தங்கள் தொடக்கமாகச் சொல்கின்றன.

1884-இல் தூரினில் நடந்த தேசியக் கண்காட்சியில் காகிதம் செய்வது முதல் அச்சிட்டுப் புத்தகமாகக் கட்டுவதுவரை எல்லா வேலைகளையும் அவருடைய பிள்ளைகள் பார்வையாளர் முன்னே செய்து காட்டினார்கள். 1888 ஜனவரி 31 அதிகாலையில் அவர் இறைவனடி சேர்ந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1906-இல், அவருடைய சலேசியர்கள் இந்தியாவில் முதன்முதலாக நம் தஞ்சாவூருக்கு வந்தார்கள். 1934-இல் உயிர்ப்புப் பெருவிழாவன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. 1958 ஜனவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை இத்தாலியின் தொழில் பழகுநர்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தார்.